பத்து டீசேர்ட் வியாபாரம்: சூட்டில் ஒட்டும் வைனிலில் தொழில் தொடங்குவது எப்படி?

நமுனுகுல, பசறை, லுணுகலை பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிரிக்கெட் கழகம் பன்னிரண்டு ஜேர்ஸிகளுக்குப் பெயரும் இலக்கமும் போட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரீன் பிரின்டிங் செய்பவரிடம் போனால், "பன்னிரண்டு பேருக்கும் வேறு வேறு பெயரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன் அடிக்க வேண்டுமே, கட்டுப்படியாகாது" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். கொழும்புக்கு அனுப்பினால் செய்து வரும். ஆனால் ஒரு பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திருப்பி அனுப்பி வாங்குவதற்குள் மெச் முடிந்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் சிறு முதலுள்ள ஒருவருக்கு ஒரு தொழில் இருக்கிறது. சூட்டில் ஒட்டும் வைனிலைக் கொண்டு டீசேர்ட்டில் பெயர், இலக்கம், சின்னம் பதித்துக் கொடுக்கும் தொழில் அது. நம் இளைஞர்கள் பலர் இதைப்பற்றி விசாரிக்கிறார்கள். வீடியோவில் பார்க்கும்போது இலகுவாகத் தெரிகிறது. மெஷினை வாங்கி வைத்தால் மறுநாளே காசு வரும் என்ற எண்ணமும் வருகிறது.

தொழில் நல்ல தொழில்தான். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இது பத்து, இருபது டீசேர்ட்டுக்கான தொழில். இருநூறு டீசேர்ட்டுக்கான தொழில் அல்ல. இந்த ஒன்றை விளங்கி இறங்குபவர் பிழைத்துக்கொள்வார். விளங்காமல் இறங்குபவரின் மெஷின் ஆறு மாதத்தில் துணி போட்டு மூடப்பட்டிருக்கும். ஆகவே மெஷினின் விலையைக் கேட்பதற்கு முன்னால், வேலையையும் கணக்கையும் விளங்கிக்கொள்வோம்.

வைனில் என்பது என்ன?

1992 உலகக் கிண்ணப் போட்டியில்தான் கிரிக்கெட் அணிகள் முதன்முதலாக அந்தத் தொடரில் வர்ண உடையில், முதுகில் வீரரின் பெயரோடு ஆடின. 1999 உலகக் கிண்ணத்தில் இலக்கமும் சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஆஷஸ் தொடரில் டெஸ்ட் போட்டியின் வெள்ளை உடைக்கும் பெயரும் இலக்கமும் வந்துவிட்டன. தொலைக்காட்சியில் பார்த்ததைத் தோட்டத்து மைதானத்திலும் கேட்பது இயல்புதானே. இன்று ஜேர்ஸி என்றாலே முதுகில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் எதிர்பார்க்கிறது.

அப்படி ஆளுக்கு ஆள் வேறுபடும் எழுத்துக்கு ஏற்ற பொருள்தான் இந்த வைனில். ரோலாக வரும், பொதுவான அகலம் 50 சென்ரிமீற்றர். அதில் மூன்று படைகள் உண்டு. மேலே கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாள், நடுவில் நிறமுள்ள மெல்லிய படலம், அடியில் சூடு பட்டால் இளகி ஒட்டும் பசை. நிறப் படலத்தைத் தேவையான வடிவில் வெட்டி, தேவையற்றதை உரித்தெடுத்து, துணியில் வைத்துச் சூடாக அழுத்தி, மேல்தாளை உரித்துவிட்டால் வேலை முடிந்தது. மையும் இல்லை, ஸ்கிரீனும் இல்லை. ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் ஒன்றுக்குப் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தத் தொழிலின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

ஓர் எச்சரிக்கை. முச்சக்கர வண்டிக்கும் கண்ணாடிக்கும் ஒட்டுகிற ஸ்டிக்கர் வைனில் வேறு, இது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஸ்டிக்கர் வைனிலைத் துணியில் வைத்து அழுத்தினால் அது சலவைக்கு நிற்காது. புறக்கோட்டையில் வாங்கும்போது "துணிக்குச் சூட்டில் ஒட்டுவது" என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பாகைச் சூடு, எத்தனை செக்கன், சூட்டோடு உரிப்பதா ஆறிய பின் உரிப்பதா என்ற மூன்றையும் விற்பவரிடமே எழுதி வாங்குங்கள். இது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும்.

முதலில் எதை வாங்குவது?

இத்தொழிலுக்கு இரண்டு மெஷின்கள் வேண்டும். ஒன்று வெட்டும் கட்டர், மற்றது அழுத்தும் ஹீட் பிரஸ். பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, கையிலிருந்த முதலை அதிலேயே முடித்துவிட்டு, வைனில் வாங்கக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

எனது யோசனை, ஹீட் பிரஸ்ஸை மட்டும் முதலில் வாங்குங்கள் என்பதே. கட்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளைப் பாருங்கள். அவர்கள் வைத்திருப்பதும் அதே வகைக் கட்டர்தான். கத்தியின் அழுத்தத்தைக் குறைத்து, எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வெட்டினால் போதும். மீற்றருக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வைனிலை நீங்கள் கொடுத்து வெட்டி வாங்கலாம். அவருக்கும் வருமானம், உங்களுக்கும் ஒரு மெஷினின் முதல் மிச்சம். மாதத்தில் பதினைந்து நாளாவது அவர் கடைக்குப் போகவேண்டி வந்தால், சொந்தக் கட்டர் வாங்கும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஹீட் பிரஸ்ஸை முதலில் வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது டிடிஎப் என்று சொல்லப்படும் முறையில், பல நிறப் படங்களைப் படலத்தில் அச்சடித்து விற்கிறார்கள். படத்தை அனுப்பி, அச்சை கூரியரில் எடுத்து, உங்கள் ஹீட் பிரஸ்ஸிலேயே துணிக்கு ஏற்றலாம். பை போன்றவற்றுக்குப் போனாலும் சூட்டில் அழுத்தும் வேலை தப்பாது. ஆக, கட்டர் ஒரு வேலைக்கு உதவுகிறது. ஹீட் பிரஸ் பல வேலைக்கு உதவுகிறது.

38 சென்ரிமீற்றர் சதுரத் தட்டுள்ள பிரஸ் தொடக்கத்துக்குப் போதும். வாங்கும்போது நிறத்தையும் பளபளப்பையும் பாராமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். தட்டு முழுவதும் ஒரே சூடு இருக்கிறதா? மெஷினில் காட்டும் சூடும் உண்மையான சூடும் ஒன்றா? நான்கு மூலையிலும் ஒரே அழுத்தமா? சூட்டை அளக்க ஒரு சிறு வெப்பமானி எடுத்துச் செல்லுங்கள். அழுத்தத்தைப் பார்க்க, நான்கு மூலையிலும் ஒவ்வொரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ஒன்று இலகுவாக வந்தால் அந்த மூலையில் எழுத்து ஒட்டாது.

கரண்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த அளவுப் பிரஸ் ஏறக்குறைய 1,400 முதல் 1,800 வோட்ஸ் வரை எடுக்கும். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஆறிலிருந்து எட்டு ஆம்பியர். லைட்டுக்கு இழுத்த வயரிலோ நீட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் கோடிலோ இதைப் போடக்கூடாது. பழைய லயத்து வயரிங்கில் போடுவது ஆபத்து. தனி வயர் இழுத்து 13 ஆம்பியர் பிளக் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் முதலில் சேருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் 66 சதவீதம் கூடியதையும் மறக்கவில்லை. கரண்டை நம்பிய தொழிலில் நாளை கொடுக்கவேண்டிய ஓடரை இன்றிரவுக்கு வைக்காதீர்கள்.

கட்டர் வாங்கும் நாள் வரும்போது, அது எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பதை முதலில் கேளுங்கள். 2021 மார்ச்சில் கிரிகட் என்ற அமெரிக்கக் கம்பனி, காசு கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. மெஷின் வாங்கியவர்கள் பெரிய எதிர்ப்புக் காட்டியபின் அதை வாபஸ் வாங்கியது. மெஷின் நம் கையில், சாவி வேறொருவர் கையில் என்ற நிலை வியாபாரிக்கு நல்லதல்ல. இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் வரைந்த படத்தை ஏற்கும் கட்டராக இருப்பது நல்லது.

வேலை நடக்கும் ஒழுங்கு

எழுத்தைத் திருப்பி வைத்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் துணியில் தலைகீழாக வரும். பளபளப்பான தாள் கீழேயும் பசைப்பக்கம் மேலேயும் இருக்கும்படி ரோலைக் கட்டரில் போட வேண்டும். கத்தி நிறப் படலத்தை மட்டும் வெட்ட வேண்டும், தாளை வெட்டக்கூடாது. ஒவ்வொரு புது ரோலுக்கும் ஓரத்தில் ஒரு சிறு சதுரம் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது உரித்தல். எழுத்தைச் சுற்றியுள்ளதையும், எழுத்துக்குள் உள்ள துளைகளையும் கொக்கி ஊசியால் எடுக்க வேண்டும். பொறுமையுள்ள கை வேண்டும். வீட்டிலுள்ள பெண்கள் இதைத் திறமையாகச் செய்வார்கள். ஆனால் அவர்கள் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதைக் கணக்கில் மறக்க வேண்டாம்.

பிறகு டீசேர்ட்டைத் தட்டில் விரித்து, வைனில் வைக்காமலே நான்கைந்து செக்கன் அழுத்த வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலையின் அடிவாரத்தில் பனியும் ஈரமும் எப்போதும் உண்டு. கொட்டன் துணி அந்த ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். ஈரத்தோடு ஒட்டினால் பசை பிடிக்காது. கொழும்பில் ஒருவர் இந்தப் படியை விட்டுத் தப்பிவிடலாம்; நம் பக்கத்தில் தப்ப முடியாது.

அதன்பின் வைனிலை வைத்து, பொதுவான வகைக்கு 150 முதல் 160 பாகை செல்சியஸ் சூட்டில், 10 முதல் 15 செக்கன் அழுத்த வேண்டும். சொன்னபடி சூட்டோடோ ஆறவைத்தோ தாளை உரிக்க வேண்டும். ஓரத்தில் எழுத்து எழும்பினால் உரிப்பதை நிறுத்தி, மறுபடி அழுத்துங்கள். தாள் உரித்த பிறகு டெப்லோன் தாள் போட்டு மூன்று நான்கு செக்கன் இறுதியாக ஒருமுறை அழுத்தினால் எழுத்து துணியோடு படிந்து நிற்கும். கொலர், பொத்தான், தடித்த தையல் உள்ள இடத்தில் தட்டு சமமாக அமராது. உள்ளே ஒரு சிறு பஞ்சுத் தலையணை வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

வீடியோக்களில் எல்லாம் ஆங்கில எழுத்தைத்தான் காட்டுகிறார்கள். தமிழில் வேறு சிக்கல்கள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'கி' போன்றவை இரண்டு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமைவதுண்டு. திரையில் ஒன்றாகத் தெரியும். கட்டரோ இரண்டையும் தனித்தனியாக வெட்டி, எழுத்தின் நடுவிலேயே கோடு போட்டுவிடும். ஆகவே எழுத்தை வடிவமாக மாற்றி, துண்டுகளை ஒன்றிணைத்த பிறகே வெட்ட வேண்டும்.

அடுத்தது புள்ளி. நெஞ்சில் போடும் சிறு எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றரை மில்லிமீற்றர்கூட இராது. உரிக்கும்போதே கழன்று போகும், அல்லது மூன்றாம் சலவையில் விழும். 'கல்வி' என்பது 'கலவி' ஆகிவிட்டால் அந்த டீசேர்ட்டைப் பாடசாலைக்குப் போட்டுக்கொண்டு போகவும் முடியாது, உங்களிடம் அடுத்த ஓடர் வரவும் மாட்டாது. தமிழுக்குத் தடித்த எழுத்துருவைத் தெரிவுசெய்து, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். எழுத்துச் சிறிதாக இருந்தால் வைனிலில் வேண்டாம், டிடிஎப்பில் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள்.

பெயர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ரிஸ்வான் என்று ஒருவர், றிஸ்வான் என்று இன்னொருவர். முஹம்மத், முகம்மது, மொஹமட் என்று ஒரே பெயரை நான்கு விதமாக எழுதும் மக்கள் நாம். வாயால் சொன்ன பெயரை வெட்டாதீர்கள். பெயர், இலக்கம், அளவு மூன்றையும் ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள், அல்லது வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் படத்தை அனுப்பி "சரி" என்று பதில் வந்த பிறகே கத்தியை இறக்குங்கள். பிழை யாருடையது என்ற வாக்குவாதமே எழாது.

துணியை அறிந்து வேலையை எடுங்கள்

கொட்டனும் கொட்டன் கலந்த துணியும் இலகு. ஜேர்ஸித் துணி பெரும்பாலும் பொலியெஸ்டர். சிவப்பு, மெரூன் போன்ற கடும் நிறப் பொலியெஸ்டரில் வெள்ளை எழுத்தை அதிக சூட்டில் ஒட்டினால், துணியின் சாயம் ஆவியாகி எழுத்துக்குள் ஏறும். கொடுக்கும்போது வெள்ளையாக இருந்த இலக்கம் சில மணித்தியாலத்திலோ சில நாளிலோ இளஞ்சிவப்பாகிவிடும். இதற்கென்று சாயத்தைத் தடுக்கும் வைனிலும், குறைந்த சூட்டில் ஒட்டும் வைனிலும் உண்டு. விலை கூட. அந்த விலையை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மழைக்கோட்டில் தோட்டத்துப் பெயர் போட முடியுமா என்று நம் பக்கத்தில் நிச்சயம் கேட்பார்கள். நீர் புகாத பூச்சுள்ள நைலோன் துணியில் சாதாரண வைனில் நிற்காது; துணியே சூட்டில் சுருங்கவும் கூடும். அதற்கெனத் தனி வைனில் கையில் இல்லாவிட்டால் வேலையை எடுக்காதீர்கள்.

சலவை முறையையும் எழுதிக் கொடுங்கள். முதல் 24 மணித்தியாலத்துக்குக் கழுவக்கூடாது. கழுவும்போது உட்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும். பிளீச் கூடாது. எழுத்தின்மேல் நேரடியாக அயர்ன் வைக்கக்கூடாது. இவை எல்லா இடத்துக்கும் பொது. தோட்டத்துக்கு இன்னும் ஒன்று சேருங்கள். பீலிக்கரையில் கல்லில் அடித்துத் துவைப்பதையும், பிரஷ் போட்டுத் தேய்ப்பதையும் எந்த வைனிலும் தாங்காது. பன்னிரண்டு ஜேர்ஸி கொடுக்கும்போது பன்னிரண்டு சிறு துண்டுகளாக இதை அச்சடித்து வைத்துவிட்டால், "உங்கள் எழுத்து கழன்றுவிட்டது" என்ற முறைப்பாடு பாதியாகக் குறையும்.

கணக்கு பார்ப்போம்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. நீங்கள் வாங்கும் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு ஜேர்ஸி, முதுகில் பெயரும் இரண்டு இலக்கமும், நெஞ்சில் சிறு சின்னம். 20 சென்ரிமீற்றர் உயர இலக்கங்களை ரோலின் அகலத்தில் இரண்டு ஜோடி வைக்கலாம். ஆறு வரிசைக்கு இடைவெளியோடு 126 சென்ரிமீற்றர். 30 சென்ரிமீற்றர் நீளப் பெயர்களை நெடுக்காகத் திருப்பி ஆறாறாக வைத்தால் 62 சென்ரிமீற்றர். சின்னங்கள் வரிசைக்கு ஐந்தாக 27 சென்ரிமீற்றர். மொத்தம் 215. ஒன்றிரண்டு பழுதாகும் என்று வைத்து இரண்டரை மீற்றர் எடுங்கள்.

ஜேர்ஸி ஒன்று 900 ரூபா என்றால் பன்னிரண்டுக்கு 10,800. வைனில் மீற்றர் 1,600 ரூபா என்றால் இரண்டரை மீற்றர் 4,000. பழுதாகும் ஜேர்ஸி ஒன்றுக்கு 900. பொருள் கொண்டுவரும் செலவு 600. கரண்ட், கத்தித் தேய்மானம் 300. இதுவரை 16,600.

இனி நேரம். பெயர் வாங்கிப் படம் வரைந்து சரிபார்க்க இரண்டு மணித்தியாலம், வெட்ட அரை மணித்தியாலம், ஒன்றுக்குப் பத்து நிமிடமாக உரிக்க இரண்டு மணித்தியாலம், ஒன்றுக்கு எட்டு நிமிடமாக அழுத்த ஏறக்குறைய ஒன்றரை. மொத்தம் ஆறு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 400 ரூபா கூலி வைத்தால் 2,400. ஆக அடக்கம் 19,000. ஒன்றுக்கு 1,583 ரூபா. அதன்மேல் 20 சதவீதம் வைத்தால் 22,800, அதாவது ஒன்று 1,900 ரூபா. கிடைக்கும் 3,800 ரூபாவில்தான் கடை வாடகையும் மெஷினின் விலையும் திரும்பி வரவேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்? ஜேர்ஸி 10,800, வைனில் 4,000, மொத்தம் 14,800. ஒன்று 1,500 ரூபாவுக்குக் கொடுத்தால் 3,200 ரூபா இலாபம் என்று மனதுக்குள் கூட்டிக்கொள்கிறார். வரவு 18,000. கையைவிட்டுப் போவது 16,600. ஆறு மணித்தியால உழைப்புக்கு மிஞ்சுவது 1,400 ரூபாதான். இன்னுமொரு ஜேர்ஸி பழுதானால் அது 500 ரூபா. மெஷினுக்கு ஒரு சதமும் இல்லை. இப்படி மாதத்தில் பத்து ஓடர் செய்தால் கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும், பெட்டியில் காசு இராது.

"லாபம் வாங்கும்போதே இருக்கிறது" என்று நம் மூத்த வியாபாரிகள் சொல்வார்கள். புடவைக் கடைக்கு அது முற்றிலும் உண்மை. இத்தொழிலுக்குப் பாதி உண்மைதான். இங்கே மறுபாதி இலாபம் பழுதாகாமல் செய்வதிலும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதிலும் இருக்கிறது.

அதேநேரம் 1,900 ரூபா என்பது நம் வாடிக்கையாளருக்குச் சிறிய காசல்ல. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவே நிர்ணயிக்கப்பட்டது. மகனின் ஜேர்ஸிக்காக ஒரு தாய் கொடுப்பது ஒரு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. ஆகவே விலையைக் குறைக்க வழி கேட்டால், மட்டமான வைனிலைப் போட்டுக் குறைக்காதீர்கள். வேலையைக் குறையுங்கள். நெஞ்சுச் சின்னத்தை விடலாம், பெயரை விட்டு இலக்கம் மட்டும் போடலாம், அவர்களிடம் உள்ள ஜேர்ஸியிலேயே போட்டுக் கொடுக்கலாம். குறைந்த விலைக்கும் நேர்மையான வழி உண்டு.

இருநூறு டீசேர்ட் கேட்டு வந்தால்?

மே தினத்துக்கு முன்னரோ தேர்தல் காலத்திலோ யாராவது வந்து இருநூறு கேட்பார்கள். கை நடுங்கத்தான் செய்யும். மேலே சொன்ன அளவு வேலையென்றால் ஒன்றுக்குப் பதினெட்டு நிமிடம். இருநூறுக்கு 60 மணித்தியாலம். நாளுக்குப் பத்து மணித்தியாலம் நின்றாலும் ஆறு நாள். ஸ்கிரீன் பிரின்டிங் செய்பவரோ ஒருமுறை ஸ்கிரீன் அடித்துவிட்டு, ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காமல் அடித்துக்கொண்டே போவார். அவரோடு விலையில் போட்டியிட முடியாது.

அந்த ஓடரை விட்டுவிடவும் வேண்டாம். ஸ்கிரீன் பிரின்டிங் செய்பவர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரே படம், பெரிய எண்ணிக்கை என்றால் அவரிடம் கொடுத்து, உங்கள் பங்கை எடுங்கள். அவரிடம் வரும் பன்னிரண்டு பெயர் வேலையை அவர் உங்களிடம் அனுப்புவார். ஜேர்ஸி முழுவதும் படம் வேண்டுமென்றால் அது சப்ளிமேஷன் செய்பவரின் வேலை. இன்ன வேலை இன்னாருக்கு என்று தெரிந்து அனுப்புபவரைத்தான் வாடிக்கையாளர் மறுபடி தேடி வருவார்.

நமக்கான வாடிக்கையாளர்கள் யார்? வருடத் தொடக்கத்தில் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக் கழகங்களின் சுற்றுப்போட்டி, திருவிழாத் தொண்டர்கள், டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குக் கூட்டமாகப் போகும் இளைஞர்கள். இவை பருவ வேலை. பருவம் தவறினால் இரண்டு மாதம் சும்மா இருக்க நேரும். வருடம் முழுவதும் வருவது சிறு கடைகளின் சீருடைதான். எல்ல பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கான தங்கும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆறு டீசேர்ட் ஓடரைக் கொழும்பில் யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். எல்லயிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் இருக்கும் உங்களுக்கு அது கைக்கெட்டும் வியாபாரம். அவர்களின் சின்னத்தைக் கொம்பியூட்டரில் வைத்திருந்தால், புதிதாக ஒருவர் சேரும்போது ஒரே ஒரு டீசேர்ட்டைக்கூட அன்றைக்கே கொடுக்கலாம்.

எதை அச்சிடக்கூடாது?

பெரிய கம்பனிகளின் பெயரையும் சின்னத்தையும் அனுமதியில்லாமல் போடுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு இடமளிக்கும். "எல்லாரும்தானே அடிக்கிறார்கள்" என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. பாடசாலைச் சின்னமென்றால் அதிபரின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதச் சின்னங்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2019 மே மாதம் ஹசலக பொலிஸ் பிரிவில் ஒரு முஸ்லிம் பெண், உடையிலிருந்த படம் தர்மச் சக்கரம் என்று கருதப்பட்டதால் கைதுசெய்யப்பட்டார். அது கப்பலின் சுக்கான் சக்கரம். உடுத்தவருக்கே அந்த நிலை வந்ததென்றால், அச்சிட்டவர் எவ்வளவு யோசிக்க வேண்டும்! எந்த மதத்தின் உருவமானாலும் சின்னமானாலும், உல்லாசப் பயணி நல்ல விலை தருகிறேன் என்றாலும், டீசேர்ட்டில் போடாதீர்கள். மலையும் தேயிலைக் கொழுந்தும் ஒன்பது வளைவுப் பாலமும் இருக்கின்றன. நமுனுகுல என்ற பெயருக்கே ஒன்பது சிகரங்கள் என்றுதான் சிங்களத்தில் பொருள். அந்த ஒன்பது சிகரத்தை அழகாக வரைந்தால் யாருக்கும் மனவருத்தமில்லாமல் விற்கலாம்.

முற்பணமும் கையிருப்பும்

பெயர் போட்ட டீசேர்ட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது. புடவைக் கடையில் ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார்; இங்கே அந்த வழி இல்லை. ஆகவே துணியும் வைனிலும் வாங்குமளவுக்காவது முற்பணம் வாங்காமல் கத்தியை இறக்கக்கூடாது. உறவினரானாலும் கூட்டாளியானாலும் இதே சட்டம்தான். மீதியைப் பொருளைக் கொடுக்கும்போது வாங்குங்கள்.

விலை சொல்லும்போது அது எத்தனை நாளைக்கு என்பதையும் எழுதுங்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதைப் பார்த்தவர்கள் நாம். வைனில் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருவது. 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரியும் அந்த விலைக்குள் வந்து சேர்கிறது. மறுபக்கம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பாதைகள் மண்சரிவால் மூடப்பட்டன, ரயிலும் நின்றது. வெள்ளை, கறுப்பு ஆகிய இரண்டு நிற வைனிலை மட்டும் ஒரு மாதத்துக்குப் போதுமானளவு கையில் வைத்திருங்கள். மற்ற நிறங்களை ஓடருக்கேற்ப எடுங்கள். ரோல் ரோலாக எல்லா நிறத்தையும் வாங்கி அடுக்கினால் கடை அழகாக இருக்கும். முதல் அங்கேயே தூங்கும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பாடசாலைகளும் விடுதிகளும் பற்றுச்சீட்டுக் கேட்பார்கள். பதிவில்லாவிட்டால் நல்ல ஓடர்கள் கைதவறும்.

மெஷினைக் கடனுக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் பத்து ஓடரைக் கூலிக்கு வெட்டி, தெரிந்தவரின் பிரஸ்ஸில் வாடகை கொடுத்து அழுத்திக் கொடுங்கள். ஒவ்வொரு ஓடருக்கும் மேலே சொன்னபடி நேரம், பழுது உட்படக் கணக்கு எழுதுங்கள். பத்தாவது ஓடரில் அந்தக் கொப்பியைப் பாருங்கள். அதில் இலாபம் இருந்தால் மெஷின் வாங்கும் காசின் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும். இலாபம் இல்லாவிட்டால், மெஷின் வாங்கியிருந்தாலும் இருந்திராது. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளப் போகும் செலவு ஒரு கொப்பியின் விலைதான்.